கதை தெரிந்தவன் த்ரில்லர் பார்க்கப் போனால்

அக்டோபர் 5, 2019, சனி, மாலை 6.15
(வில்லியனூர் வாசகர் ஒருவரின் கேள்வி)

‘அசுரன்’ நேற்று வந்துவிட்டது. நாளைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். பூமணியின் ‘வெக்கை’ கையில் இருக்கிறது, பாதி படித்தாயிற்று. ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிட்டுப் போகலாமா, இல்லை மூடி வைத்துவிட்டுப் போகலாமா? முடிவு தெரிந்துவிட்டால் த்ரில்லரில் அப்புறம் என்ன மிச்சம்? படித்தவர்கள் சொல்லுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அக்டோபர் 5, இரவு 9.40

முடித்துவிட்டே போங்கள். ‘வெக்கை’யில் ஒளித்து வைக்க ஒன்றுமே இல்லை. ஆரம்பத்திலேயே வெட்டு விழுந்துவிடுகிறது. வெட்டியவன் பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம். அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வாங்கத்தான் போகிறான், ஆளே போய்விடுகிறான். அதற்கப்புறம் அப்பனும் மகனும் எட்டு நாள் காடு, மலை என்று திரிகிறார்கள். இது கொலைகாரனைத் தேடும் கதை இல்லை. கொலைகாரனுக்குப் பக்கத்திலேயே படுத்து, அவன் தின்பதைத் தின்று, அவன் பயப்படும்போது பயப்படும் கதை. யார் செய்தது என்பது தெரிந்த பிறகும் பக்கம் ஓடுகிறது என்றால் அந்த ஓட்டம் வேறு எங்கிருந்தோ வருகிறது. 1982இல் வந்த நாவல். நான் படித்தது 1995 மே மாசம், பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டுக் குள்ளஞ்சாவடியில் மாமா வீட்டில் கிடந்தபோது.

நானும் நாளைக்குப் போகிறேன், கடலூரில். மாமா மகன் வருகிறான். அவன் படிக்கிற ஜாதி இல்லை. ஒரே படத்தை ஒரே வரிசையில் கதை தெரிந்த ஒருவனும் தெரியாத ஒருவனும் பார்க்கப்போகிறோம். பார்க்கலாம் யாருக்குக் காசு செரிக்கிறது என்று.

அக்டோபர் 5, இரவு 10.25

முடிவு தெரிந்துவிட்டால் என்ன மிச்சம் என்று கேட்டதற்கு ஒரு பழைய கதை.

எண்பதுகளின் கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சந்தில் மூன்று அலமாரி, ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். மாத நாவல் ஒன்றுக்கு ஐம்பது காசு, இரண்டு நாளில் திருப்பித் தர வேண்டும். அங்கே எனக்கு முன்னால் எல்லாப் புத்தகத்தையும் படித்துவிடுகிற ஒரு புண்ணியவான் இருந்தார். பச்சை இங்க் பேனா. பதினைந்தாம் பக்கம் வந்தால் ஓரத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருப்பார்: “கொலை செய்தது மேனேஜர்.” ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. நூலகக்காரரிடம் புகார் சொன்னால், “அதுக்கென்ன தம்பி, மிச்சக் கதையைப் படிக்க வேண்டியதுதானே” என்பார்.

முதலில் அழுகை வந்தது. அப்புறம் பழகிவிட்டது. மேனேஜர்தான் என்று தெரிந்துகொண்டே படித்தால் மேனேஜர் காபி குடிப்பதுகூட வேறு மாதிரி தெரியும். சர்க்கரையைக் கலக்குகிற கையைப் பார்ப்பேன். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு முறை திடுக்கிட்டார்கள். நான் பதினைந்தாம் பக்கத்திலிருந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு, காலை 8.05

தூக்கத்தில் நினைவு வந்தது. ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பச்சை இங்க்காரர் சில சமயம் பொய் எழுதுவார்! மேனேஜர் என்று எழுதியிருப்பார், கடைசியில் பார்த்தால் டாக்டர் செய்திருப்பார். அது அவருடைய குறும்பா, இல்லை முடிவைப் படிக்காமலேயே ஊகித்து எழுதுவாரா, தெரியாது. ஆக எனக்குக் கிடைத்தது இரண்டு சஸ்பென்ஸ். கொலைகாரன் யார் என்பது ஒன்று. பச்சை இங்க் இந்தத் தடவை உண்மை பேசுகிறதா என்பது இன்னொன்று.

அக்டோபர் 6, இரவு 11.50

பார்த்தாயிற்று. சுடச்சுட எழுதுகிறேன், நாளைக்கு மாறலாம்.

முதலில் தியேட்டர். எந்தத் தியேட்டர் என்பது வேண்டாம். இடைவேளையோடு ஏசி நின்றது. கேட்டால் “போட்டிருக்கு சார்” என்றார்கள். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. முன் வரிசையில் ஒரு பாட்டி முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார். நாவலுக்கு இன்றைக்கு முழு விசுவாசமாக இருந்தது அந்தத் தியேட்டர் ஒன்றுதான். தலைப்பை அப்படியே எடுத்துக் காட்டிவிட்டார்கள்.

இப்போது படம். மூன்று மனக்குறை.

ஒன்று, பையன் கதை அப்பன் கதையாகிவிட்டது. நாவலில் நாம் சிதம்பரத்தின் தோளில் உட்கார்ந்து போகிறோம். படத்தில் சிவசாமியின் தோளில். தனுஷை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வார்கள் என்பது புரிகிறது. ஆனாலும்.

இரண்டு, இரண்டாம் பாதியில் வரும் பழைய கதை. சாராயம் காய்ச்சுகிற இளைய சிவசாமி, செருப்பு, பஞ்சமி நிலம், தீ. நாவலில் அது கிடையாது. காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களை அப்படியே உட்காரவைத்துவிட்டு வெகுநேரம் வேறெங்கோ போய்விட்டு வருகிறோம். துரத்தல் ஆறிப்போகிறது.

மூன்று, இதுதான் நெஞ்சில் நிற்கிறது. நாவலின் மிகச் சிறந்த இடத்தையே எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அப்பனும் மகனும் தாழ்ந்த மரக்கிளைக்கு அடியில் சருகின்மேல் குப்புறப் படுத்திருப்பார்கள். தேடி வந்த ஆள் ஒருவன் நடந்து வருவான். சரக், சரக், சரக். மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் சத்தம் நின்றுவிடும். கால் மட்டும்தான் இவர்களுக்குத் தெரியும். தீக்குச்சி கிழிக்கும் சத்தம். பீடி நாற்றம். இவர்கள் மூச்சு விட்டால் சருகு பேசிவிடும். அந்தப் பீடி எரிந்து முடிகிறவரை நாவலில் நேரமே நகராது. இருபத்து நான்கு வருஷமாக எனக்கு மறக்காத இடம். வெற்றிமாறன் கையில் இது எப்படி வந்திருக்கும்! அவர் பிறந்ததே நம்ம கடலூரில்தான், வளர்ந்தது ராணிப்பேட்டை. ஊர்க்காரர் என்ற உரிமையில் கோபித்துக்கொள்கிறேன்.

மச்சானுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு வந்தான்.

அக்டோபர் 7, திங்கள், காலை 11.10

வில்லியனூர்க்காரர் கேட்கிறார்: “அண்ணே, நான் ராத்திரியே முடித்துவிட்டேன். நீங்கள் சொல்கிற பீடிக் காட்சி எந்தப் பக்கம்?”

பாதித் தூக்கத்தில் படித்திருப்பீர்கள் தம்பி. என் பிரதி இப்போது என்னிடம் இல்லை. பின்பாதியில் வரும், தேடிப் பாருங்கள்.

அக்டோபர் 7, மாலை 5.30

ஆயுத பூஜைப் பொரியைக் கொறித்துக்கொண்டே யோசித்ததில் ஒரு திருத்தம். இடைவேளைச் சண்டையைப் பற்றி நேற்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அது அநியாயம்.

அதுவரை கூனிக்குறுகி, குடித்துவிட்டு, மகனே மதிக்காத ஆளாக இருக்கிற சிவசாமி, பையனை அடிக்க வந்தவர்கள்மேல் பாய்கிற இடம். அரங்கமே எழுந்துவிட்டது. மச்சான் கத்தினான். நானும் கத்தினேன், அதுதான் விஷயம். ஏனென்றால் நான் படித்த நாவலின் அப்பன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இந்த இடம் எனக்குத் தெரியாது. எல்லாம் தெரியும் என்ற மிதப்பில் உட்கார்ந்திருந்தவன் காலுக்குக் கீழே பலகையை உருவிவிட்டார்கள். மாற்றிவிட்டார்களே என்று நேற்று எந்த மாற்றங்களைத் திட்டினேனோ அதே மாதிரி ஒரு மாற்றம்தான் எனக்கு த்ரில்லே கொடுத்தது. படித்தவனுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

அதற்காக அந்தப் பழைய கதையை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

அக்டோபர் 9, புதன், இரவு 9.15

ஒருவர் கேட்டிருக்கிறார்: முதலில் படம், அப்புறம் நாவல் என்று போனால் என்ன?

போய்ப் பார்த்தேன். ‘சைக்கோ’. ஹிட்ச்காக் படம் 1960, ராபர்ட் பிளாக் எழுதிய நாவல் அதற்கு முந்தின வருஷம். நான் படத்தைப் பார்த்து ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் நாவலைப் பிடித்தேன். நாவலில் நார்மன் பேட்ஸ் நாற்பது வயசு, குண்டு, கண்ணாடி போட்டவன், குடிகாரன். படத்தில் ஆண்டனி பெர்கின்ஸ். ஒல்லியாக, கூச்சமாக, பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்புகிற பையன் மாதிரி இருப்பார். நான் என்ன செய்தும் அந்தக் குண்டு மனிதனை வரவழைக்க முடியவில்லை. எழுத்தாளர் “பருத்த உடம்பு” என்று நினைவூட்டும்போதெல்லாம் பெர்கின்ஸ் கொஞ்சம் ஊதுவார், அடுத்த வரியில் பழையபடி இளைத்துவிடுவார். ஒரு நாவல் முழுக்க இப்படி பலூன் மாதிரி.

இன்னொன்று. நாவல் தொடங்குவதே நார்மனிடம். படம் தொடங்குவது பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற பெண்ணிடம். அவள்தான் கதாநாயகி என்று நம்மை நம்பவைத்து, நம்பிய பிறகு குளியலறையில் முடிக்கிறார் ஹிட்ச்காக். நாவல் படித்தவனைக்கூட ஏமாற்ற என்ன வழி என்று யோசித்திருக்கிறார். படம் தொடங்கிய பிறகு வந்தவர்களை உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்காரர்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னவர் அவர். நம்ம ஊரில் அந்த விதி வந்தால் எங்கள் வீட்டில் யாரும் எந்தப் படமும் பார்த்திருக்க முடியாது.

அக்டோபர் 13, ஞாயிறு, மதியம் 2.45

இது என் மனைவி பற்றியது. அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். ‘கான் கேர்ள்’ இன்னும் பார்க்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அவள் புதுச்சேரியில் பள்ளி ஆசிரியை. நாவலை முதலில் படித்தது அவள், நான் படிக்கவில்லை. படத்தை வீட்டில் லேப்டாப்பில் போட்டோம். ஒரு மணி நேரம் போயிருக்கும். காணாமல் போன மனைவி செத்திருப்பாள், புருஷன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அப்போது பக்கத்தில் என்னவோ உறுத்தியது. திரும்பினால் அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையில் வேர்க்கடலை, வாயில் ஒரு சிரிப்பு.

அடுத்த நிமிஷம் திரையில் அந்த மனைவி உயிரோடு கார் ஓட்டிக்கொண்டு போகிறாள், இதுவரை நாம் கேட்ட டைரி பாதிக்கு மேல் புளுகு என்று சொல்லிக்கொண்டே. எனக்கு முதுகில் ஜில்லென்றது. பாதி படத்தால், மீதிப் பாதி பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிரிப்பால்.

பிறகு கேட்டேன்: கதைதான் தெரியுமே, உனக்கு எப்படிப் போரடிக்கவில்லை? “நான் எங்க படம் பார்த்தேன், உங்க மூஞ்சியைத்தான பார்த்தேன்” என்றாள்.

அந்தப் படத்துக்குத் திரைக்கதையும் நாவலாசிரியை கில்லியன் ஃபிளின்தான். நாவல் 2012, படம் 2014. படம் வருவதற்கு முன்னால் முடிவை அடியோடு மாற்றிவிட்டதாக ஒரு பேச்சு பரவியது. படித்தவர்களெல்லாம் புது முடிவுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பார்த்தால் அதே முடிவு. இது கிட்டத்தட்ட பச்சை இங்க் வேலைதான்.

அக்டோபர் 13, மாலை 6.00

எழுதியவரே படமாக்கினால் என்ற கேள்விக்கு நம்ம மஞ்சக்குப்பத்திலேயே பதில் இருக்கிறது. அங்கே பிறந்த ஜெயகாந்தன் ‘உன்னைப்போல் ஒருவ’னைத் தானே இயக்கினார், 1965. த்ரில்லர் இல்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

சுஜாதாவின் ‘ப்ரியா’ நாவலில் லண்டன், 1978இல் வந்த ரஜினி படத்தில் சிங்கப்பூர். ஊரையே பெயர்த்து எடுத்துப் போனாலும் கதை ஏதோ ஒரு மாதிரி நிற்கும் போலிருக்கிறது. இதைச் சொல்லும்போது ஏனோ நெருடுகிறது. யோசித்துச் சொல்கிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு, காலை 9.30

ஊர் பற்றிப் பேச்சு வந்ததும் ஒருவர் ‘லைஃப் ஆஃப் பை’யை இழுத்துவிட்டார். சரி. 2001இல் யான் மார்ட்டெல் எழுதிய நாவல், ஆங் லீ எடுத்து 2012இல் வந்தது, பாண்டிச்சேரிக் காட்சிகளில் நிறைய இங்கேயே எடுத்தார்கள். நாவலில் தாவரவியல் பூங்காவுக்குள் மிருகக்காட்சி சாலை வருகிறது. நாம் எல்லோரும் பார்த்த பூங்காவில் பொம்மை ரயில்தான் உண்டு. படம் பார்த்தபோது நான் புலியைப் பார்த்ததைவிடத் தெருவைப் பார்த்ததுதான் அதிகம். பக்கத்து இருக்கைக்காரர் அவர் அண்ணன் கடைப்பக்கம் கேமரா போகாதா என்று கடைசிவரை காத்திருந்தார். கடலில் கப்பல் கவிழ்ந்த பிறகு அவருக்குச் சுவாரஸ்யம் போய்விட்டது, தூங்கிவிட்டார்.

அக்டோபர் 30, புதன், இரவு 8.50

மழை. தீபாவளி முடிந்து வேலைக்குப் போனால் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது.

வில்லியனூர்த் தம்பி விடவில்லை. “இரண்டாம் தடவையும் படித்துவிட்டேன் அண்ணே. பீடிக் காட்சி இல்லை. வேற நாவலா இருக்குமோ?” என்கிறார். வேறு நாவல் என்கிறார்! எனக்குச் சுரீர் என்று வந்தது. புத்தகத்தைக் கொடுங்கள், நானே எடுத்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 4, திங்கள், இரவு 9.20

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னப் பையன். உறை போட்ட புத்தகத்தை நீட்டி, “அண்ணே, ஓரத்துல எதுவும் எழுதிடாதீங்க” என்றார். பச்சை இங்க் கதை நன்றாகவே உள்ளே போயிருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு, இரவு 10.40

இல்லை.

ஐந்து நாள், போகும்போதும் வரும்போதும். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் பாலம். வெள்ளிக்கிழமை முடித்தேன். நேற்று வீட்டில் உட்கார்ந்து மறுபடி புரட்டினேன். அந்தக் காட்சி இல்லை. சரக், சரக் இல்லை. நின்றுபோன கால் இல்லை. பீடிக்காரன் இல்லை. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. வெற்றிமாறனிடமும் கேட்க வேண்டியதுதான். எழுதாத காட்சியை எடுக்கவில்லை என்று ஒரு மாசமாக மனிதரைத் திட்டியிருக்கிறேன்.

அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

நாவல் நடப்பது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. பதினேழு வயசில் மாமாவின் முந்திரித் தோப்பில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படித்தேன். முந்திரிக்காட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மரம் உயராது, அகலும். கிளை தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும், குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே போய்விட்டால் வெளியே நிற்கிறவனுக்கு நாம் தெரியமாட்டோம், நமக்கு அவன் முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும். தரை முழுக்கச் சருகு. அப்பளத்தை மிதித்தது மாதிரி நொறுங்கும். பூனை நடந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒளிவதற்கு அதைப் போல இடம் இல்லை, ஓடுவதற்கு அதைவிட மோசமான இடமும் இல்லை.

சிதம்பரம் ஓடினான் என்று படித்தபோது நான் அவனை அங்கேதான் ஓடவிட்டிருக்கிறேன். அவன் பெயர் வேறு அப்படி. நமக்குச் சிதம்பரம் என்றால் பஸ் ஏறிப் போகிற ஊர். கோவில்பட்டி எப்படி நினைவுக்கு வரும்!

பீடிக்காரன் யார் என்பதும் பிடிபட்டுவிட்டது. கொட்டை விழுகிற காலத்தில் பக்கத்துத் தோப்பில் நானும் மச்சானும் திருட்டுக்கொட்டை பொறுக்கப் போவோம். பழத்தைத் திருகி எறிந்துவிட்டுக் கொட்டையை டவுசர் பையில் போட்டுக்கொள்வோம். பழச்சாறு பட்டால் சட்டையில் கறை, எந்தச் சோப்புக்கும் போகாது, வீட்டில் மாட்டிக்கொள்ள அது ஒன்றே போதும். ஒரு நாள் குத்தகைக்காரர் வந்துவிட்டார். நாங்கள் கிளைக்கு அடியில் குப்புற விழுந்தோம். அவர் நடந்து வந்து எங்கள் தலைமாட்டில் நின்று பீடி பற்றவைத்தார். அந்தப் பீடியைத்தான் நான் பூமணியின் நாவலுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 11, திங்கள், காலை 7.15

பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஆனாலும் இதை எழுதிவிட வேண்டும்.

அந்தத் தோப்பு இப்போது இல்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பலா, முந்திரி எல்லாம் வேரோடு போயிற்று. மூன்றாம் நாள் மாமாவைப் பார்க்கப் போனேன். குனிந்து குனிந்து போன இடத்தில் நிமிர்ந்து நடந்தேன். கூரை ஓடு பறந்து, பரணில் இருந்த என் புத்தகங்கள் அட்டைப்பெட்டியோடு ஊறி உப்பியிருந்தன. ‘வெக்கை’ அதில்தான் போயிற்று.

ஆக, போன மாசம் தியேட்டரில் எனக்கு வந்த கோபம் படத்தின்மேல் இல்லையோ என்று தோன்றுகிறது. அந்தத் தோப்பு எட்டு வருஷமாக என் தலைக்குள் இருந்த அந்த நாவலில் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. படம் வந்து பொட்டல்வெளியைக் காட்டியது. அதுதான் சரியான நிலம், கதை நடந்த நிலம். எனக்குத்தான் தோப்பு போச்சு. ‘ப்ரியா’வை லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் பெயர்த்ததைச் சொல்லும்போது ஏன் நெருடியது என்பதும் தெரிந்துவிட்டது. கோவில்பட்டியைக் குள்ளஞ்சாவடிக்குப் பெயர்த்தவன் நான்.

பஸ்.

நவம்பர் 11, இரவு 9.00

ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி: மறுபடி படித்தபோது யார் முகம் தெரிந்தது?

அப்பனுக்குத் தனுஷ். தப்பிக்கவே முடியவில்லை. முன்பு மாமாவின் முகம் இருந்தது, அதைத் தேடிப் பார்த்தேன், வரவில்லை. பையனுக்கு மட்டும் படத்தில் நடித்த கென் கருணாஸ் முகம் ஒட்டவில்லை. பழைய பையன்தான் வந்தான், முகம் இல்லாதவன். அது நானாக இருந்திருக்கும், நம் முகம் நமக்கு எங்கே தெரிகிறது. நிலம் பாதிப் பாதி. படத்தில் வந்த இடங்களில் கரிசல், படம் விட்டுவிட்ட இடங்களில் முந்திரி. அப்பனும் மகனும் கரிசலில் நடந்துவந்து சட்டென்று முந்திரிக்குள் நுழைகிறார்கள், மறுபடி வெளியே வருகிறார்கள்.

பழைய கதைப் பகுதியைப் பற்றி ஒரு சின்னத் திருத்தம். நாவலை மறுபடி படித்த பிறகு அந்தக் கோபம் பாதியாகிவிட்டது. இவ்வளவு அமைதியாக, காட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, பேசிக்கொண்டு இருக்கிற இரண்டு பேரை வைத்துத் தீபாவளிக்கு முந்தின மாசத்தில் தியேட்டரை நிரப்ப முடியாது. பாதிதான், முழுசாக இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு, மாலை 4.20

மச்சானுக்கு நாவலைப் படிக்கக் கொடுத்தேன். (தம்பியின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், சுத்தமாக. இது நான் புதிதாக வாங்கியது.) இரண்டு வாரத்தில் இருபது பக்கம். “படமே பார்த்தாச்சே, இதை எதுக்கு?” என்கிறான். படித்தவன் படம் பார்க்க வேண்டுமா என்று தொடங்கினோம், பார்த்தவன் படிக்க வேண்டுமா என்று வந்து நிற்கிறோம்.

ஜனவரி 18, 2020, சனி, இரவு 8.30

காணும் பொங்கலுக்குக் குள்ளஞ்சாவடி போயிருந்தோம். மாமா புயலுக்குப் பிறகு விருத்தாசலத்து ஒட்டுக்கன்று வைத்தார், வி.ஆர்.ஐ. 3 என்கிற முந்திரி ரகம். இப்போது பூவெடுக்கத் தொடங்கியிருக்கிறது. கிளை இன்னும் தரையைத் தொடவில்லை, சருகும் மெத்தையாகச் சேரவில்லை. மச்சானும் நானும் வரப்பில் உட்கார்ந்து கரும்பு தின்றோம். இங்கே எழுதியதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். பீடிக்காரரைச் சொன்னேன். நாம் இரண்டு பேரும் குப்புறப் படுத்திருந்தோமே என்றேன்.

அவன் கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு என்னையே பார்த்தான்.

“நீ எங்கடா இருந்த? உனக்கு அன்னைக்குக் காய்ச்சல், வீட்டுல படுத்துக் கிடந்த. நான் வந்துதான் உனக்குச் சொன்னேன்.”

நான் இருந்தேன் என்று சத்தியம் செய்தேன். அவன் அத்தையைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்டான். அத்தைக்குக் காய்ச்சல் நினைவிருக்கிறது, கஷாயம் வைத்துக் கொடுத்ததும் நினைவிருக்கிறது.

சரி, பீடியாவது உண்மையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அத்தை உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான்.

“பீடியெல்லாம் இல்லைடா. அந்த ஆளு ஒண்ணுக்குப் போனாரு. என் தலைமேலேயே. அதை எப்படி உன்கிட்ட சொல்றது, அதான் பீடின்னு சொல்லிட்டேன்.”